வெட்டாமலே மரத்தின் குணம் தெரியுமா? ஜார்ஜ் டவுனுக்கு இது ஏன் முக்கியம்?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடிக்கு ஏறிப் பாருங்க. காலுக்குக் கீழே பலகை, தலைக்கு மேலே மர உத்தரம். 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த மரபில் இந்த மரங்களுக்கும் பங்கு உண்டு.

வீட்டைப் புதுப்பிக்கும்போது எந்த உத்தரத்தை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது? ஒரு துண்டு வெட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். ஆனா, காப்பாற்ற வேண்டிய மரத்தையே அதற்காக வெட்டணும். இங்கேதான் அண்மை அகச்சிவப்பு ஒளி கைகொடுக்குது.

எப்படி வேலை செய்கிறது?

அகச்சிவப்புக் கதிரை வில்லியம் ஹெர்ஷல் 1800இல் கண்டறிந்தார். நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பை அடுத்து, சுமார் 780 முதல் 2,500 நானோமீட்டர் வரை இருப்பதுதான் அண்மை அகச்சிவப்பு. மரத்தில் உள்ள செல்லுலோஸ், லிக்னின், நீர் ஒவ்வொன்றும் அதில் சில அலைநீளங்களை மட்டும் உறிஞ்சும். நீர் 1,450, 1,940 நானோமீட்டர் அருகே அதிகம் உறிஞ்சும். திரும்பி வரும் ஒளியில் எது குறைந்திருக்கு என்று பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும்.

அடர்த்தி, வலிமை ஆகியவற்றை ஒளி நேராகச் சொல்லாது. முன்பே ஆய்வுக்கூடத்தில் அளந்த பல மாதிரிகளைக் காட்டிக் கணினியைப் பழக்கணும். பிறகு புதிய மரத்தைக் காட்டினால் அது மதிப்பிட்டுச் சொல்லும்.

போலியைப் பிடிக்குமா?

ஓரளவு பிடிக்கும். பிரேசிலில் மஹோகனியை அதைப் போலவே இருக்கும் மரங்களிலிருந்து பிரித்தறிய இந்த முறையை ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். செங்கால் மரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு வேறு மரத்தை வாங்கி வருபவருக்கு இது சின்ன விஷயமில்லை.

எங்கே தடுமாறும்?

இந்த ஒளி மரத்துக்குள் சில மில்லிமீட்டர்தான் போகும். சாயம் பூசிய உத்தரத்தில் சாயத்தைத்தான் அளக்கும். உள்ளே கரையான் குடைந்திருந்தால் தெரியாது. அதற்கு மெல்லிய ஊசியால் துளைத்துப் பார்க்கும் கருவியோ, ஒலி அலைச் சோதனையோ வேணும். பைன் மரத்தில் பழக்கிய கணினியை நம்பிச் செங்காலை எடைபோடவும் முடியாது. வெயிலும் மழையும் பட்ட பழைய பரப்பு, புது மரம் போல ஒளியைத் திருப்பி அனுப்பாது.

ஆக, கருவியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். நம்ம ஊர் மரங்களின், அதிலும் பழைய மரங்களின், அளவுகளை நாமேதான் சேர்க்கணும். நாளைக்கு உங்கள் வீட்டுக்கு ஒருவர் இந்தக் கருவியோடு வந்தால், முதலில் இதைக் கேளுங்க: "எந்த மரத்தை வைத்து இதைப் பழக்கினீங்க?"