‘எனக்கு’ என்பதும் ‘நான்’ என்பதும்

அண்மையில் சுங்கை பினாங்கில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பையனுக்குத் தாயார் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், “புரிஞ்சுச்சா?” என்றார். “புரிஞ்சுச்சும்மா” என்றான். அடுத்த கணக்கைக் கொடுத்ததும் திருதிருவென்று விழித்தான். முதுகில் ஓர் அடி விழுந்தது.

அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் தமிழ் என்ன சொல்கிறது, பாருங்கள்.

‘நான் நடந்தேன்’ என்கிறோம். ‘நான் பசித்தேன்’ என்பதில்லை. ‘எனக்குப் பசித்தது’ என்கிறோம். நாமாகச் செய்வதற்கு ‘நான்’. நமக்கு நேர்வதற்குப் பல இடங்களில் ‘எனக்கு’. ஆயினும், விழுவது நாமாகச் செய்வதல்ல. அதற்கும் ‘நான் விழுந்தேன்’ என்றே சொல்லிவிடுகிறோம்.

நம் ஜார்ஜ் டவுனில் லெபோ ஆச்சே தெரு இருக்கிறதல்லவா? கடலுக்கு அப்பால் சுமத்ராவிலுள்ள அந்த ஆச்சே மக்களின் மொழி இதையும் விடுவதில்லை. நடப்பவரைக் குறிக்கும் ஒட்டு வினைக்கு முன்னால் வரும். விழுபவரைக் குறிக்கும் ஒட்டு வினைக்குப் பின்னால் வரும். செய்தவர் வேறு, பட்டவர் வேறு என்று இலக்கணமே பிரித்துவிடுகிறது.

இனிப் பாடத்துக்கு வருவோம். ‘எனக்குப் புரிந்தது’ என்றால் அது தானாக வந்தது போல. ‘கொள்’ சேரட்டும், ‘நான் புரிந்துகொண்டேன்’ என்று ‘நான்’ முன்னே வந்துவிடுகிறது. அந்தக் ‘கொள்’தான் பிள்ளையின் உழைப்பு. அதை ஆசிரியரோ தாயோ செய்து கொடுக்க முடியாது. ரப்பர் மரம் வெட்ட நீங்கள் பேச்சைக் கேட்டா பழகினீர்கள்? கத்தியைக் கையில் பிடித்துத்தானே பழகினீர்கள்!

தமிழகத்தில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கினார்கள். 2007இல் அதை மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றார்கள். பிள்ளைகள் தரையில் கூடி உட்கார்ந்து, பாட அட்டைகளைத் தாங்களே எடுத்துப் படித்தார்கள். அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகை இருந்தது. நான்கு நாள் வராத பிள்ளையும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். பின்னாளில் அத்திட்டம் மாறியது. பிள்ளை தன் கையால் செய்து கற்க வேண்டும் என்ற கருத்து பழையதாகிவிடவில்லை.

ஆகவே, இன்றிரவு “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள். “எனக்குச் சொல்லிக் கொடு, பார்ப்போம்” என்று எதிரே உட்காருங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை எங்கே தடுமாறுகிறானோ, அங்கேதான் அவனுக்கு உதவி வேண்டும், அடி அல்ல.