ஐம்பது டாலருக்கு ஊமைச் சண்டை

கார்ட்டூன் பாத்திரங்களை மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் வீடியோ விளையாட்டு ஒன்று 2021 அக்டோபரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. பெயர் 'நிக்கலோடியன் ஆல்-ஸ்டார் பிரால்'. விலை 49.99 டாலர். ஐம்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சென்ட் யாரை ஏமாற்றவோ!

ஸ்பாஞ்ச்பாப், நிஞ்ஜா ஆமைகள் என்று இருபது வீரர்கள். மேடைக்கு மேடை தாவி, எதிராளியை அடித்து வெளியே தள்ள வேண்டும். சண்டை என்னவோ ஜோரான சண்டைதான். வெவ்வேறு ஊரில் இருக்கும் இருவர் இணையம் வழியே மோதினாலும் தடங்கல் தெரியாதிருக்க 'ரோல்பேக்' என்ற ஏற்பாடு வேறு.

ஆனால் வாசகரே, ஸ்பாஞ்ச்பாப் வாயையே திறக்கவில்லை! அந்தக் கீச்சுச் சிரிப்புக்காகத்தானே குழந்தை அடம் பிடித்தது? உருவத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு குரலை விட்டுவிட்டால், பின்பாட்டு இல்லாத பொம்மலாட்டம்தான். பத்து டாலர் கூடக் கொடுத்தால், நின்டெண்டோவின் 'ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்'டில் எழுபது பேருக்கு மேல், கூச்சலும் கும்மாளமுமாக வருகிறார்களே!

2022 ஜூனில் குரலையும் சேர்த்தார்கள்; இலவசமாகத்தான். எட்டு மாதம் ஊமைப் படம் பார்த்தவருக்கு அது என்ன ஆறுதல்? சிநேகிதனோடு மல்லுக்கட்ட வாங்கியவருக்கு முதல் நாளே விலை தகும். குழந்தைக்காக வாங்கிய தகப்பனாருக்குத் தகவே தகாது.

2023 நவம்பரில் இரண்டாம் பாகம் வந்தது. முதல் நாளே எல்லோரும் பேசினார்கள். விலை? அதே 49.99 டாலர்!