பெட்டிதானே என்று எண்ணாதீர்

நானே பூட்டிய மேசைக்கணினி அண்மையில் நண்பகல் வேளைகளில் தானாக அணையத் தொடங்கியது. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்காகத் தட்டச்சு செய்த பயிற்சித் தாள் இருமுறை பாதியில் அழிந்தது. பக்கத் தகட்டைக் கழற்றி வைத்தேன், அணையவில்லை. குற்றம் பெட்டியுடையது. முகப்பு முழுவதும் கண்ணாடி. காற்று நுழைய வழியில்லை. அதன் வண்ண விளக்குகளில் மயங்கி வாங்கியவன் நானே.

கடைகளில் 'கேசிங்' என வழங்கும் இப்பெட்டியைப் பலரும் இறுதியில், மிஞ்சிய பணத்தில் வாங்குகின்றனர். இது தவறு என்பேன். இன்டெல் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அளவுமுறை இன்றும் நிலைத்துள்ளது. ஆகவே, தாய்ப்பலகையும் செயலியும் மாறினாலும் நல்ல பெட்டி தொடர்ந்து உழைக்கும்.

மலேசிய வெப்பத்திற்கு வலை முகப்பும், கழற்றித் துடைக்கத்தக்க தூசு வடிகட்டியும் இன்றியமையாதவை. முன்னே 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு வெளிக்காற்றை இழுக்க, பின்னே ஒன்று வெப்பத்தை வெளியேற்றினால் பள்ளி வேலைகளுக்குப் போதும். தாய்ப்பலகை 305 × 244 மில்லிமீட்டர் அளவுள்ள முழு ஏடிஎக்ஸா, 244 × 244 அளவுள்ள மைக்ரோ ஏடிஎக்ஸா? வரைகலை அட்டையின் நீளமும் செயலிக் குளிர்விப்பானின் உயரமும் எவ்வளவு? அளந்து குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

பெற்றோர்களே, அளவுகோலைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். விளக்குப் பெட்டிக்காக அடம்பிடிக்கும் பிள்ளை, தானே அளந்து பார்த்தபின், "காற்று எவ்வழி வரும்?" என்று கேட்கக்கூடும். அக்கேள்வியை நான் கேட்பதற்குள் இரண்டு பயிற்சித் தாள்கள் போயின.