அடிமரம் ஏறும் அந்துப்பூச்சி

தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயரால் திருக்குர்ஆனில் அத்தியாயங்கள் அமைந்துள்ளன. அல்காரிஆ அத்தியாயத்தில் மறுமை நாளின் மனிதர்களுக்குச் சிதறிய விட்டில்களே உவமையாகக் கூறப்பட்டுள்ளன. அவ்விட்டில் இனத்தைச் சேர்ந்த சிற்றுயிர் ஒன்றை இம்மாதம் காண்போம்.

ஐரோப்பாவின் ஓக் மரக் காடுகளில் வாழும் இதனைக் குளிர்கால அந்துப்பூச்சி என்பர். ஏனைய பூச்சிகள் குளிருக்கு அஞ்சி ஒடுங்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் இது மண்ணிலிருந்து வெளிப்படுகின்றது. ஆணுக்குச் சிறகுண்டு. பெண்ணுக்கோ பறக்கவியலாத சிறகுத் துண்டுகளே உள. எனவே அது அடிமரத்தில் நடந்தே ஏறி, கிளைகளின் பட்டை இடுக்குகளில் முட்டையிட்டு மடிகின்றது. (பழத்தோட்டக்காரர்கள் அடிமரத்தில் பசைப்பட்டை சுற்றுவது இப்பயணத்தைத் தடுக்கவே, ஆப்பிள் மரத்தையும் இது விட்டுவைப்பதில்லை!)

சோதனை வசந்தத்தில் தொடங்குகிறது. ஓக் மொட்டு விரியும் நாளையொட்டி முட்டை பொரிய வேண்டும். முந்திப் பொரிந்தால் மொட்டு மூடியிருக்கும். சில நாட்களில் புழு பட்டினியால் மாளும். பிந்தினாலோ இலை முற்றிவிடும். ஆக்ஸ்போர்டு அருகிலுள்ள வைதம் காட்டில் ஆராய்ந்த பால் ஃபீனி, இலை முற்ற முற்ற அதில் துவர்ப்புப் பொருளாகிய டானின் மிகுவதை 1970இல் விளக்கினார். அத்தகைய இலையைத் தின்னும் புழு செவ்வனே வளர்வதில்லை. நாள்காட்டி அறியாத முட்டைக்கு நாள் குறித்துக் கொடுத்தவன் எவன்!

எனினும் அக்கணக்கையே மனிதன் ஏற்படுத்திய வெப்பம் குலைத்தது. வசந்தம் சூடேறியபோது மொட்டுகளும் முந்தின. முட்டைகளோ அவற்றினும் மிகுதியாக முந்தின. நெதர்லாந்தின் ஓக் மரங்களில் இவ்வாறு நிகழ்ந்ததை 2001இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பசித்த புழுக்கள் நூலிழையில் தொங்கிக் காற்றோடு வேறு மரம் தேடிச் செல்வதுண்டு. சேருமிடம் அவற்றின் கையில் இல்லை.

ஆயினும் இனம் அழியவில்லை. தாமதித்துப் பொரிந்தவை பிழைத்தன. அவற்றின் சந்ததியும் அப்பண்பைப் பெற்றது. பொரியும் காலம் மீண்டும் மொட்டு விரியும் காலத்தை நெருங்கி வந்ததை 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது.

இப்புழுக்களை நம்பியே பட்டாணிக் குருவி வகைப் பறவையொன்று அங்கு குஞ்சு வளர்க்கிறது. புழு மிகும் நாட்கள் முந்திய அளவுக்கு, அது முட்டையிடும் நாள் முந்தவில்லை. கூட்டில் வாய் பிளந்து நிற்கும் குஞ்சுகளுக்கு இரை குறையும் வேளையில், புழுக்களோ மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி நவம்பருக்குக் காத்திருக்கின்றன.