பகுதி இல்லாத பின்னம்

ஒரு பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. பள்ளிக்கூடக் கணக்கு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதப்போகிற எல்லாரும் இதை மறுபடியும் உட்கார்ந்து படிக்கிறார்கள். இதைச் சொல்லிக்கொடுத்துக் காசு வாங்குகிற பயிற்சி மையங்கள், தங்கள் விளம்பரம் என்று வரும்போது பகுதியை அழித்துவிடுகின்றன. ‘500 பேர் தேர்ச்சி’ என்று பிளெக்ஸில் இருக்கும், யூடியூப் தம்ப்நெயிலில் இருக்கும், வாட்ஸப் ஸ்டேட்டஸில் இருக்கும். ஐந்நூறு பேர் சரி, எத்தனை பேரில்? அந்த இடம் காலி.

விளம்பரம் என்றால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று நாம் இதைத் தள்ளிவிடுகிறோம். தள்ளக் கூடாது என்பது என் கட்சி. பகுதியைச் சொல்லாத தேர்ச்சி எண் ஏமாற்று வேலை. சமூக ஊடகம் வந்த பிறகு அது முன்பைவிடப் பெரிய ஏமாற்று வேலை ஆகியிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன், எங்கள் பக்கம் இதன் கனம் என்ன என்று சொல்லிவிட வேண்டும். சுந்தரபாண்டியம் நெசவு ஊர். வத்திராயிருப்பு வட்டாரமே தறியும் வயலும்தான். ராஜபாளையம் பக்கம் போனால் நூற்பாலை, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி, சிவகாசி போனால் பட்டாசும் அச்சகமும். மாதம் பிறந்தால் சம்பளம், உடம்புக்கு முடியாவிட்டால் லீவு என்கிற வாழ்க்கைக்கு இங்கே தெரிகிற வாசல் அரசு வேலை. அதில் எட்டக்கூடிய வாசல் குரூப் 4. பெரும்பாலான பதவிகளுக்குப் பத்தாம் வகுப்புப் போதும். நேர்முகத் தேர்வு கிடையாது. ஒரே தாள், இருநூறு கேள்விகள், முந்நூறு மதிப்பெண். அதனால் டிகிரி முடித்த பெண்கள், கைக்குழந்தைக்காரிகள், மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிற பையன்கள் எல்லாரும் எழுதுகிறார்கள். “இந்த ஒரு வருசம் மட்டும் பாத்துக்கிறேம்மா” என்று கெஞ்சி வீட்டில் வாங்குகிற அந்த ஒரு வருடம்தான் பயிற்சித் தொழிலின் மூலதனம். ஃபீஸ் எல்லாம் அதற்கு அப்புறம்.

இப்போது கணக்குக்கு வருவோம்.

2022 ஜூலை 24 அன்று நடந்த குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். எழுதியவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். முதலில் அறிவித்த இடங்கள் 7,301. பிறகு அது கூடிக்கூடிப் பத்தாயிரத்தைத் தாண்டியது. தோராயமாக 180 பேருக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒருவர் டெலிகிராமில் ஒரு சேனல் தொடங்குகிறார் என்று கற்பனை செய்யுங்கள். வகுப்பு எடுப்பதில்லை. தினமும் நடப்பு நிகழ்வுகள் பிடிஎஃப் ஒன்று, வாரம் ஒரு இலவச மாதிரித் தேர்வு, அவ்வளவுதான். அதுவும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. இலவசம் என்பதால் ஒரு லட்சம் பேர் சேர்கிறார்கள். அந்த ஒரு லட்சம் பேரும் தேர்வு எழுதினால், 180க்கு ஒன்று என்கிற ஊர்ச் சராசரியிலேயே 550 பேருக்கு மேல் வேலை கிடைத்துவிடும். அவர் ஒரு வரிகூடச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. முடிவு வந்த அன்று “நம்ம சேனல்ல தேர்ச்சி பெற்றவங்க எல்லாம் பேரும் போட்டோவும் அனுப்புங்க” என்று ஒரு பதிவு போட்டால் போதும். ‘500 பேர் தேர்ச்சி’ பிளெக்ஸ் தயார்.

பக்கத்திலேயே இன்னொருவர். ராஜபாளையத்தில் ஏதோ ஒரு கடைக்கு மேல் மாடியில் தகரக் கொட்டகை போட்டு, 60 பேருக்குக் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுக்கிறார். ஆறு பேருக்கு வேலை கிடைக்கிறது. பத்தில் ஒன்று. சராசரியைவிடப் பதினெட்டு மடங்கு. நல்ல வாத்தியார் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவருடைய விளம்பரத்தில் இருக்கப்போவது ஆறு முகம். எதிரே ஐந்நூறு முகம். கிருஷ்ணன்கோவிலில் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளை எதை நம்பும்?

சமூக ஊடகம் செய்த மாற்றம் இதுதான். முன்பு ஒரு மையத்தில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஹாலில் எத்தனை பெஞ்ச், வாசலில் எத்தனை சைக்கிள் என்று எண்ணிவிடலாம். யாரும் விளம்பரத்தில் போடாவிட்டாலும் பகுதி கண்ணெதிரே இருந்தது. இன்று சைக்கிளும் இல்லை, பெஞ்சும் இல்லை. பகுதியை லட்சக்கணக்கில் பெருக்குவதற்கு அவர்களுக்குச் செலவு இல்லை. அதை மறைப்பதற்கும் செலவு இல்லை. வலையை அகலமாக விரித்தால் மீன் தானாக விழும். விழுந்த மீனை ‘நாங்கள் வளர்த்தது’ என்று விற்கிறார்கள். விளம்பரத்துக்கென்று வந்த ஊடகமே விளம்பரத்தில் போட வேண்டிய சாதனையையும் தயாரித்துக் கொடுத்துவிடுகிறது. வகுப்பறை நடுவில் வெறும் சம்பிரதாயம்.

எங்கள் தெருவில் ஒரு பெண் தேர்ச்சி பெற்றாள். அந்த வாரத்திலேயே மூன்று மையங்களின் போஸ்டர்களில் அவள் முகம். கேட்டேன். “ஒண்ணுலதான் சித்தப்பா காசு கட்டிப் படிச்சேன், அதுவும் மூணு மாசம். இன்னொண்ணுல ஞாயித்துக்கெழம டெஸ்ட் மட்டும் எழுதினேன். மூணாவது யாருன்னே தெரியல. குரூப்ல ரிஜிஸ்டர் நம்பர் கேட்டாங்க, போட்டேன், அவ்ளோதான்” என்றாள். அவள் உண்மையில் படித்தது ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான சமச்சீர்ப் புத்தகங்களை, திரும்பத் திரும்ப, தறிச் சத்தத்துக்கு நடுவில். அந்தப் புத்தகங்களுக்கு எந்தப் போஸ்டரிலும் நன்றி இல்லை. அவள் அம்மாவோ, “விடுங்க தம்பி, நம்ம புள்ள போட்டோதானே, நல்லாத்தானே இருக்கு” என்று முடித்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் தப்பில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அடுத்த வருடம் நகையை அடகு வைக்கப்போவது இன்னொரு வீட்டு அம்மா.

இந்த எண்கள் வீட்டுப் பணத்தை மட்டும் தின்பதில்லை. 2023 மார்ச்சில் அந்தக் குரூப் 4 முடிவு வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். நமக்கு அடுத்த தென்காசி மாவட்டத்தில் ஒரு பயிற்சி மையத்தில் படித்தவர்களில் 2,000 பேருக்கு மேல் தேர்ச்சி என்று விளம்பரம் பரவியது. மாநிலம் முழுக்கப் பத்தாயிரம் இடம். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே மையத்திலா? சட்டமன்றம் வரை போயிற்று. அன்றைய அமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பதில் சொல்ல வேண்டி வந்தது. ஜனங்களுக்கு முதலில் தோன்றியது ‘கேள்வித்தாள் லீக்’ என்பதுதான். தோன்றாமல் என்ன செய்யும்? 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் முறைகேடு நடந்து, 2020 ஜனவரியில் 99 பேருக்குத் தேர்வாணையம் வாழ்நாள் தடை விதித்ததை யாரும் மறக்கவில்லை.

எல்லாரும் தேர்வைச் சந்தேகப்பட்டார்கள். விளம்பரத்தைச் சந்தேகப்பட்டவர்கள் குறைவு. ‘இரண்டாயிரம் பேர் எத்தனை பேரில்? எத்தனை கிளைகளில்? வகுப்பிலா, டெஸ்ட் பேட்சிலா?’ என்பதுதான் முதலில் வந்திருக்க வேண்டிய கேள்வி. பகுதியை எழுதியே ஆக வேண்டும் என்ற வழக்கம் இருந்திருந்தால் பாதிப் பரபரப்பு எழுந்தே இருக்காது. இல்லாததால், நேர்மையாக உட்கார்ந்து படித்து வேலை வாங்கிய பிள்ளையைக்கூட “எவ்வளவு குடுத்த?” என்று ஊரில் கேட்டார்கள். மார்க்கெட்டிங் செய்தவர்களுக்கு ஃபீஸ் வந்தது, தேர்வெழுதியவர்களுக்குக் கெட்ட பெயர் வந்தது.

இது தமிழ்நாட்டு வியாதி மட்டும் இல்லை. 2022ஆம் ஆண்டு குடிமைப் பணித் தேர்வில் யுபிஎஸ்சி பரிந்துரைத்தது 933 பேரை. டெல்லியில் ஒரு மையம் அதில் 682 பேர் எங்கள் மாணவர்கள் என்று விளம்பரம் செய்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தபோது, அவர்களில் 674 பேர் அங்கே கலந்துகொண்டது இலவச மாதிரி நேர்காணலில் மட்டும் என்று தெரிந்தது. முதல்நிலைத் தேர்வையும் முதன்மைத் தேர்வையும் தாண்டி வந்தவர்களுக்குக் கடைசியில் ஒரு நாற்காலி போட்டு நான்கு கேள்வி கேட்டதற்கு இத்தனை உரிமை. ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் போட்டார்கள். அந்த மையத்துக்கு அது ஒரு சில மாணவர்களின் ஃபீஸ்.

அதன் பிறகு, 2024 நவம்பர் 13 அன்று, பயிற்சித் துறை விளம்பரங்களுக்கென்றே அந்த ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தேர்ச்சி பெற்றவரின் பெயரையும் படத்தையும் போட வேண்டுமானால் அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். அதையும் தேர்ச்சிக்குப் பிறகே வாங்க வேண்டும். சேரும்போதே பாரத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது செல்லாது. அவர் எந்தக் கோர்ஸ் படித்தார், எத்தனை நாள், காசு கட்டியா இலவசமாகவா என்பதைச் சொல்ல வேண்டும். பொடி எழுத்தில் ஓரமாகப் போட்டுத் தப்பிக்க முடியாது. அறிவிப்பு எந்த அளவு எழுத்தோ பொறுப்புத் துறப்பும் அதே அளவில் இருக்க வேண்டும். ‘இன்னும் பத்து சீட்தான்’ என்று பொய் அவசரம் காட்டக் கூடாது.

நல்ல விதிகள். ஆனால் இவற்றிலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்பேன். ஒவ்வொரு முகத்துக்கும் விவரம் கேட்கிறார்கள். மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணை முதல் வரியில் போடு என்று அடித்துச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து வாட்ஸப் ஸ்டேட்டஸ்களில் அந்த விதிகளில் எதுவுமே இதுவரை வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

இனி மறுப்புகள். “எல்லா யாவாரத்துலயும் விளம்பரம் இருக்குண்ணே. பால்கோவாக்காரன் போர்டு வைக்கலயா?” என்பார்கள். வைக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் ஊர் ஊருக்கு அந்தப் பெயரில் கடை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பால்கோவாவை வாயில் போட்ட உடனே தெரிந்துவிடும். ஏமாந்தாலும் கால் கிலோவோடு போயிற்று. பயிற்சியின் ருசி ஒரு வருடம் கழித்து, தேர்வு முடிவு வந்த பிறகுதான் தெரியும். அப்போதும் ‘நீ சரியாகப் படிக்கவில்லை’ என்று பழியை வாங்கியவன் தலையிலேயே வைத்துவிடலாம். ருசி பார்க்க முடியாத பண்டத்தை விற்கிறவனுக்குப் பொறுப்பு கூடுதல்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் நியாயமானது. பெரிய கம்பெனிகளும் ஆப்களும் கோடி கோடியாய்க் கொட்டும்போது சின்ன ஊர் மையம் யூடியூபும் ஃபேஸ்புக்கும் இல்லாமல் எப்படிப் பிழைக்கும்? உண்மைதான். பிழைக்கட்டும். பிளாக்ஸ்பாட் காலத்தில் தமிழில் எத்தனையோ பேர் மாதிரி வினாக்களையும் பாடக் குறிப்புகளையும் இரவெல்லாம் தட்டச்சு செய்து இலவசமாகப் போட்டார்கள். அதைப் படித்து, ‘இந்த ஆள் நன்றாகச் சொல்கிறார்’ என்று தேடிப்போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. இன்றும் சிலர் விகிதமும் தனிவட்டியும் முழுப்பாடமாக யூடியூபில் நடத்துகிறார்கள். பாடத்தையே விளம்பரமாக வைக்கிறவரை நான் கும்பிடுவேன். அங்கே ருசி பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறோம். அடுத்தவன் வாங்கிய வேலையை விளம்பரமாக வைப்பவரோடு அவரைச் சேர்த்துப் பேசுவதே பாவம்.

மூன்றாவதாக, “மையம் இல்லன்னா எங்க பிள்ளைக எங்க போகும்?” உட்கார ஒரு இடம், கூடப் படிக்க நாலு பேர், எழுப்பிவிட ஒரு ஆள். இதை எந்த ஆப்பும் தராது, மையம் தருகிறது. அதற்குக் காசு வாங்குவதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அதையே சொல்லி விற்க வேண்டியதுதானே? கூடவே, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு உண்டு, பாடநூல்கள் அரசின் இணையதளத்தில் சும்மாவே கிடைக்கின்றன என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொண்டு, பிறகு முடிவு செய்யட்டும். பள்ளிப் புத்தகத்திலிருந்து எடுத்த குறிப்பை ‘சீக்ரெட் மெட்டீரியல்’ என்று விற்பதற்கு இந்த அறியாமைதான் தேவைப்படுகிறது.

நான் கேட்பது பெரிய சட்டம் எதுவும் இல்லை. ‘தேர்ச்சி’ என்று போடுகிற ஒவ்வொரு இடத்திலும், அதே அளவு எழுத்தில், நான்கு எண்கள். காசு கட்டி முழு வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், டெஸ்ட் பேட்சில் மட்டும் எத்தனை பேர், இலவசக் குழுவில் எத்தனை பேர், ஒவ்வொன்றிலிருந்தும் வேலை பெற்றவர்கள் எத்தனை பேர். மாடிக் கொட்டகை வாத்தியார் இதைச் சந்தோஷமாகப் போடுவார். அவருக்கு அது லாபம். யார் போட மாட்டேன் என்கிறாரோ அவரை நாம் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

ஆணையம் வந்து இதைச் செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். தவறான விளம்பரத்துக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, கூப்பிடலாம். அதற்கும் முன்னால், சேர்வதற்குப் பணத்தோடு போகிற அன்று, அந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, சுவரில் தொங்குகிற முகங்களைப் பார்த்துவிட்டு, அண்ணன்மாரும் அக்காமாரும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “சார், இது எத்தனை பேர்ல?” பதில் எண்ணாக வந்தால் உட்காருங்கள். பேச்சாக வந்தால் பணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள்.