இன்டர்ன்ஷிப் இடம் தேடித் தருவது கல்லூரியின் பொறுப்பு

கலை, அறிவியல் கல்லூரி மாணவர் பட்டம் பெறுவதற்குள் ஏதேனும் ஒரு பணியிடத்தில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது இன்று பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பு, 120 கிரெடிட் கொண்ட மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் 2 முதல் 4 கிரெடிட் வரை இன்டர்ன்ஷிப்புக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கான மாதிரிப் பாடத்திட்டத்திலும் கோடை விடுமுறைப் பயிற்சி இடம்பெற்றிருக்கிறது. வேதியியல் மாணவருக்கு ஆய்வகத்தையும் கணினி அறிவியல் மாணவருக்குக் கணினிகளையும் கல்லூரிதான் தருகிறது. கிரெடிட் உள்ள இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் இடத்தை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும் என்பது எந்த நியாயத்திலும் சேராது.

இந்தக் குறை எவ்வளவு எளிதில் தீரக்கூடியது என்பதை மதுரையின் பசுமலையில் நின்று பார்த்தால் தெரியும். அமெரிக்கன் மதுரை மிஷன் திருமங்கலத்தில் நடத்திவந்த செமினரியை 1845-ல் இங்கே மாற்றியது. 1881-ல் இங்கே கல்லூரி தொடங்கியது. 1904-ல் மதுரை நகருக்குள் சென்ற அந்தக் கல்லூரிதான் இன்றைய அமெரிக்கன் கல்லூரி. மன்னர் திருமலை நாயக்கர் கல்லூரி 1974 முதல் பசுமலையில் இயங்குகிறது. பக்கத்தில் திருப்பரங்குன்றத்தில் 1957-ல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி, பெருங்குடியில் சரஸ்வதி நாராயணன் கல்லூரி, நாகமலைப் பக்கம் 1966-ல் நிறுவப்பட்ட மதுரைப் பல்கலைக்கழகம், அதாவது இன்றைய காமராசர் பல்கலைக்கழகம். திருமங்கலம் சாலையில் தெற்கே போனால் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை வந்துவிடும். மேற்கே வடபழஞ்சியில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. நகருக்குள் டி.வி.எஸ். குழுமத்தின் பூர்விகமும், 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கி உலகறிந்த நிறுவனமாக வளர்ந்த அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கின்றன. படிக்கும் இடமும் வேலை நடக்கும் இடமும் டவுன்பஸ் போகும் தூரத்தில்தான் இருக்கின்றன.

நடப்பதோ வேறு. செமஸ்டர் தேர்வு முடியும் தறுவாயில், விடுமுறைக்குள் இன்டர்ன்ஷிப் முடித்துச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றறிக்கை வரும். ஆடிட்டரையோ கம்பெனி மேலாளரையோ தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரே போனில் இடம் கிடைத்துவிடும். செக்கானூரணியிலிருந்தோ கள்ளிக்குடியிலிருந்தோ வரும் முதல் தலைமுறை மாணவருக்கு அந்தப் போனைப் போட ஆள் இல்லை. கல்லூரி கொடுத்த கடிதத்தோடு கம்பெனி கேட்டில் நிற்பார். செக்யூரிட்டி அதை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார். கடைசியில், கட்டணம் வாங்கிக்கொண்டு நாலு வீடியோவைக் காட்டி ‘ஆன்லைன் இன்டர்ன்ஷிப்’ சான்றிதழ் அனுப்பும் ஏதோ ஓர் இடத்தில் பணத்தைக் கட்டுவார். எல்லோரும் காப்பியடித்த அதே அறிக்கை ஸ்பைரல் பைண்டிங்கில் துறைக்கு வந்து சேரும். கிரெடிட் ஏறிவிடும். வேலை எப்படி நடக்கிறது என்பதை அவர் ஒரு நாள்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் செல் இல்லாமல் இல்லை. ஆனால், பல கலை, அறிவியல் கல்லூரிகளில் அது ஓர் ஆசிரியருக்குக் கூடுதலாகக் கொடுக்கப்பட்ட பொறுப்பு. மானியக் குழு விதிப்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். அதற்குமேல் விடைத்தாள், தரமதிப்பீட்டு ஆவணம், துறை விழா. எஞ்சிய நேரத்தில் அவரால் இறுதியாண்டில் ஒன்றிரண்டு வளாகத் தேர்வுகளை நடத்த முடியும். கப்பலூருக்குப் போய்ப் பத்து நிறுவனங்களின் உரிமையாளர்களைச் சந்தித்து, எந்த மாதத்தில் எத்தனை பேரை எந்த வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று பேசி முடிக்க அவருக்கு நேரம் ஏது? வளாகத் தேர்வு நடக்கும் நாளில் செய்தி வரும், புகைப்படம் வரும். இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கியிருக்க வேண்டிய வேலை விடுபட்டுப்போகிறது.

கல்விக்கும் வேலைக்கும் இடையிலுள்ள பாலத்தைக் கல்வி நிறுவனமே கட்ட வேண்டும் என்பது பழைய கொள்கை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் பட்டதாரிகளுக்கு வேலை தேடித் தர 1892-லேயே ஒரு குழு அமைத்தது. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906-ல் 27 மாணவர்களோடு ஒரு முறையைத் தொடங்கினார். வகுப்பும் தொழிற்சாலையும் மாறி மாறி வரும் வகையில் அவர் அட்டவணை போட்டார். தொழிற்சாலைகளுடன் ஏற்பாடு செய்ததும் பல்கலைக்கழகம்தான். உலகின் பல நாடுகளில் பின்னர் பரவிய கூட்டுறவுக் கல்விக்கு அதுவே முன்மாதிரி.

நல்ல பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்குக் கப்பலூரில் ஒரு சிறு ஆலையின் கணக்கு அறை போதும். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரங்களை ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் ஏற்ற வேண்டும். 14-ஆம் தேதி 2பி அறிக்கை வரும். சரக்கு கொடுத்தவர்கள் தங்கள் கணக்கில் காட்டிய பில்கள் அதில் இருக்கும். கையிலுள்ள கொள்முதல் பில்களை ஒவ்வொன்றாக அதோடு ஒப்பிட்டால் ஏதாவது ஒன்று விடுபட்டிருக்கும். அந்த வியாபாரிக்குப் போன் செய்து ஏற்றச் சொல்ல வேண்டும். ஏற்றாவிட்டால் கட்டிய வரியை வரவு வைக்க முடியாது. 20-ஆம் தேதிக்குள் 3பி படிவம் தாக்கல் செய்து வரி கட்டியாக வேண்டும். இந்தச் சுற்றை ஒருமுறை முழுதாகப் பார்த்த பி.காம். மாணவருக்கு மறைமுக வரிப் பாடம் புரிந்துவிடும். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்று கணக்கிட்டு, 2 கிரெடிட்டுக்குப் பத்து நாளில் முடித்துவிடும் பயிற்சியில் பாதிச் சுற்றுதான் தெரியும். பயிற்சி குறைந்தது ஒரு முழு மாதம் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே போதிய காரணம்.

அடுத்தது பணம். விடுமுறையில் துணிக்கடையிலோ கேட்டரிங்கிலோ வேலை பார்த்து அடுத்த செமஸ்டர் கட்டணத்தைச் சேர்க்கும் மாணவருக்கு, ஊதியமில்லாத ஒரு மாதம் என்பது நேரடி நஷ்டம். அரசுத் திட்டங்கள் இந்த இடத்தில் கைகொடுக்கவில்லை. தொழிற்பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. 2014 திருத்தம் பொறியியல் அல்லாத பட்டதாரிகளையும் அதில் சேர்த்தது. 2019-ல் திருத்தப்பட்ட விதிகள், 30 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுப்பதைக் கட்டாயமாக்கின. பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்றும் நிர்ணயித்தன. அது பெரும்பாலும் பட்டம் முடித்தவர்களுக்குப் பயன்படுகிறது. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய் அறிவித்தது. அப்போதைய விதிகளின்படி முழுநேரப் படிப்பில் இருப்பவர்கள் அதில் சேர முடியாது. 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம் படிக்கும்போதே திறன் பயிற்சி தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பெரும்பாலும் அந்தப் பயிற்சி வகுப்பறையிலும் திரையிலும் முடிந்துவிடுகிறது. படித்துக்கொண்டிருக்கும் மாணவர் எதிலும் அகப்படாமல் நடுவில் விடுபடுகிறார்.

கல்லூரியே இடம் தேடித் தர வேண்டும் என்பதற்கு மூன்று ஆட்சேபங்கள் எழும். கல்லூரி அறிவுக்கான இடம், ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி ஆகிவிடக்கூடாது என்பது முதலாவது. கவலை நேர்மையானதே, ஆனால், பயிற்சிக்குக் கிரெடிட் கொடுத்த நொடியிலேயே அது கல்வியின் பகுதியாகிவிட்டது. வரலாறு மாணவரை அருங்காட்சியகத்துக்கும், தமிழ் மாணவரைப் பதிப்பகத்துக்கும் அனுப்புவது அறிவுக்கு எதிரானதும் அன்று. மாணவர்கள் வந்தால் சிறு நிறுவனங்களுக்குத் தொந்தரவு என்பது இரண்டாவது. யார் வருகிறார், எத்தனை நாள், என்ன வேலை என்று முன்கூட்டியே தெரியாமல் வந்தால் தொந்தரவுதான். ஆண்டுதோறும் ஒரே கல்லூரியிலிருந்து, அடிப்படை டேலி தெரிந்த இருவர், குறித்த மாதத்தில் வருவார்கள் என்றால் அது உதவி. மூன்றாவது ஆட்சேபம் நிதி. இந்த வேலைக்கென்று முழுநேர அலுவலரை வைத்தால், அவர் சம்பளம் ஒரு தனிக் கல்லூரிக்குப் பாரமாக இருக்கலாம். தெற்கு மதுரைக் கல்லூரிகள் நான்கைந்து சேர்ந்து ஒரு பொது அலுவலகம் நடத்தினால் பாரம் பகிரப்படும். சுயநிதிப் பிரிவுகளில் கட்டணம் வாங்கும் கல்லூரிகள் இதற்குக் காசில்லை என்று சொல்வது எடுபடாது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. வகுப்பெடுக்கும் பொறுப்பில்லாத முழுநேர அலுவலர் ஒருவர் வேண்டும். மதுரைச் சிறுதொழில் சங்கமான மடீட்சியா, தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் ஆகிய அமைப்புகளுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரிக்குள் கோடைக்கான இடங்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். கோ.புதூரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தை இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சொந்தமாக இடம் தேடிக்கொள்ள வழியில்லாத மாணவர்களுக்கே பட்டியலில் முதல் உரிமை. மாணவரிடம் பணம் வாங்கும் எந்தப் பயிற்சிக்கும் கிரெடிட் தரக்கூடாது. நிறுவனம் பேருந்துச் செலவையும் மதிய உணவையுமாவது ஏற்க வேண்டும். இயலாத சிறு நிறுவனங்களுக்குப் பதிலாக மாநில அரசு நான் முதல்வன் நிதியிலிருந்து மாத உதவித்தொகை தர வேண்டும். பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் பயிற்சிக்கு வருவோரையும் பாதுகாக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் புகாரை மாவட்ட அளவிலான குழுவிடம் தரலாம். மாணவியரை அனுப்பும் முன் இதை எழுத்தில் கொடுப்பது கல்லூரியின் கடமை.

இதை நிறைவேற்றவைக்கும் அதிகாரம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. இணைவு பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் எத்தனை மாணவர்களுக்கு இடம் தேடித் தந்தது, எத்தனை பேர் உதவித்தொகை பெற்றனர், எத்தனை பேர் தாங்களே தேடிக்கொண்டனர் என்ற மூன்று கணக்குகளை ஆண்டுதோறும் வெளியிடுவதை இணைவு நிபந்தனையாக்க வேண்டும். அந்தக் கணக்கைக் காட்ட முடியாத கல்லூரி இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கவும் கூடாது.