சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

சீனாவில் விலை 20 ரூபாய். நம் ஊர்க் கடையில் 50 ரூபாய். இடையில் 30 ரூபாய் லாபம்!

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத சிறு வியாபாரி இன்று அநேகமாக இல்லை. வளையல் கடைக்காரர் போடுகிறார். பாத்திரக் கடைக்காரர் போடுகிறார். வீட்டில் இருந்தபடியே கிளிப்பும் கைப்பையும் விற்கும் பெண்களும் போடுகிறார்கள். கைப்பேசியைத் திறந்தால் போதும். சீனத்து மொத்த வியாபாரிகள் வரிசையாக வந்து நிற்கிறார்கள். படம் அழகாக இருக்கிறது. விலை மலிவாக இருக்கிறது. யாருக்குத்தான் ஆசை வராது?

ஆசைப்படுவது தப்பு அல்ல. ஆசை இல்லாவிட்டால் வியாபாரமே இல்லை. ஆனால் அந்த 30 ரூபாய்க் கணக்கு தப்பு. அந்தத் தப்புக் கணக்கை நம்பி முதல் போடுகிறவர்கள் லட்சாதிபதிகள் அல்ல. மனைவியின் சங்கிலியை பாங்கியில் வைத்துப் பணம் புரட்டுகிறவர்கள். மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த சீட்டுப் பணத்தை எடுக்கிறவர்கள். ஆகவேதான் இதைப் பற்றிக் குடும்பத்தோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்கிறேன்.

சீனச் சரக்கு வாங்கலாமா, கூடாதா? வாங்கலாம். ஆனால் கணக்குத் தெரிந்து வாங்க வேண்டும். எதை வாங்குவது, எதை விடுவது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

கோழி இறகும் வெல்ல மிட்டாயும்

சீனாவில் செஜியாங் மாகாணத்தில் இவூ என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் அது ஏழை ஊர். விளைச்சல் குறைந்த மண். அந்த ஊர்க்காரர்கள் வெல்ல மிட்டாயைத் தோளில் சுமந்து, கையில் கிலுகிலுப்பைப் பறையை ஆட்டிக்கொண்டு, ஊர் ஊராகப் போவார்கள். மிட்டாயைக் கொடுத்துக் கோழி இறகை வாங்குவார்கள். இறகு வயலுக்கு உரமாகும். அதுதான் அவர்களுடைய வியாபாரம்.

1982-ம் ஆண்டு அந்த ஊரில் தெருச் சந்தை ஒன்று திறக்க அனுமதி கிடைத்தது. அது வளர்ந்தது, வளர்ந்தது, இன்று உலகத்திலேயே பெரிய சில்லறைச் சாமான் மொத்தச் சந்தையாக நிற்கிறது. சுமார் 75 ஆயிரம் கடைகள்! பொத்தான், ஊசி, குடை, பொம்மை, மணிமாலை, கிறிஸ்துமஸ் அலங்காரம் என்று எதைக் கேட்டாலும் கிடைக்கும். 2014-ம் ஆண்டில் இவூவில் இருந்து ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரம் வரை சரக்கு ரெயிலே விட்டார்கள்.

நம் நாட்டு வியாபாரிகளும் அங்கே போகிறார்கள். இந்தியச் சாப்பாட்டுக் கடைகள்கூட அங்கே இருக்கின்றன. இன்னும் பெரிய சாமான்கள் வேண்டும் என்பவர்கள் குவாங்சோ நகரத்துக்குப் போகிறார்கள். அங்கே 1957-ம் ஆண்டு முதல் வசந்த காலத்தில் ஒன்றும், இலையுதிர் காலத்தில் ஒன்றுமாக ஆண்டுக்கு இரண்டு முறை பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கிறது.

இதை எல்லாம் ஏன் சொல்கிறேன்? எதிரே உட்கார்ந்து பேரம் பேசுகிறவர் கோழி இறகில் இருந்து வியாபாரம் கற்றவர். பைசாக் கணக்குத் தெரிந்தவர். அவரிடம் போகிற நமக்கும் பைசாக் கணக்குத் தெரிய வேண்டாமா?

20 ரூபாய் 33 ரூபாய் ஆன கதை

ஓர் உதாரணம் பார்ப்போம். 20 ரூபாய் வீதம் 5,000 கிளிப்புகள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். சரக்கின் விலை 1 லட்சம் ரூபாய். சீனத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிக் கொடுப்பது வரை விற்பவர் பொறுப்பு. இதைத்தான் எப்.ஓ.பி. விலை என்கிறார்கள்.

இனிமேல் வருகிற செலவு எல்லாம் நம் தலையில். கப்பல் கூலிக்கும் இன்ஷூரன்சுக்கும் 15 ஆயிரம் என்று வைப்போம். ஆக 1,15,000 ரூபாய். சுங்க இலாகா வரி போடுவது 1 லட்சத்துக்கு அல்ல, இந்த 1,15,000 ரூபாய்க்கு!

அடிப்படைச் சுங்க வரி நூற்றுக்கு 20 என்றால் 23,000 ரூபாய். அந்த வரிக்கு மேல் நூற்றுக்கு 10 சமூக நலக் கூடுதல் வரி. அது 2,300 ரூபாய். இப்போது 1,40,300 ரூபாய் ஆகிவிட்டது. இந்த மொத்தத் தொகைக்கு ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 18 என்றால் 25,254 ரூபாய். துறைமுகச் செலவு, கிளியரிங் ஏஜெண்டு கூலி, லாரி வாடகைக்கு இன்னொரு 15 ஆயிரம். எல்லாம் கூட்டினால் 1,80,554 ரூபாய்!

ஜி.எஸ்.டி.யை முறையாகப் பதிவு செய்து கணக்குக் காட்டுகிறவர்கள் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். 'காம்போசிஷன்' முறையில் இருக்கும் சிறு கடைக்காரர் கழிக்க முடியாது. கழித்துக்கொள்கிறவருக்கும் அந்தப் பணம் சரக்கு விற்கும் வரை முடங்கிக் கிடக்கும்.

சரி, அதைக் கழித்தே பார்ப்போம். அடக்கம் 1,55,300 ரூபாய். ஒரு கிளிப் 31 ரூபாய். 5,000-ல் 250 உடைந்தோ, நிறம் மங்கியோ வந்தால் அடக்கம் 32 ரூபாய் 70 பைசா. நகைக் கடன் வட்டி இன்னும் சேரவில்லை. கடை வாடகையும் சேரவில்லை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றார்கள் நம் பெரியவர்கள். அவர்கள் இறக்குமதி வியாபாரத்தைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்று தோன்றுகிறது!

வரி விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும். ஆகவே சரக்குக்குப் பணம் அனுப்பும் முன்பே, அந்தப் பொருளின் சுங்கக் குறியீட்டு எண் என்ன, வரி எவ்வளவு என்று கிளியரிங் ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பணம் அனுப்பிவிட்டுக் கேட்பது, தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பதைப் போன்றது.

மாதிரி வேறு, மூட்டை வேறு

அடுத்த ஆபத்து, தரம். மாதிரிக்கு வந்த கிளிப் நன்றாக இருக்கும். மூட்டையில் வந்த கிளிப் இரண்டு நாளில் முறியும். ஏன்? பேரம் பேசிப் பேசி விலையை அடிமட்டத்துக்கு இறக்கினோம் அல்லவா? அவரும் தகட்டின் கனத்தை இறக்கிவிட்டார்! சீனத் தொழிற்சாலைகளில் எல்லாத் தரத்திலும் பொருள் செய்கிறார்கள். எந்தத் தரம் வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அளவு, எடை, நிறம், பெட்டியின் கனம் எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். ஒப்புக்கொண்ட மாதிரியில் ஒன்று அவரிடம், ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும்.

பொதுவாக 100-க்கு 30 முன்பணம் கேட்பார்கள். மீதி 70, சரக்குத் தயாரான பிறகு. அந்த 70-ஐ அனுப்பும் முன்பு, கூலிக்குச் சரக்கைப் பரிசோதித்துச் சொல்லும் ஆட்களை அனுப்பிப் பார்க்கலாம். முழுப் பணமும் போன பிறகு நம் கையில் என்ன பிடி இருக்கிறது?

இன்னொரு மோசடியும் நடக்கிறது. விற்பவர் அனுப்புவது போலவே ஒரு கடிதம் வரும். "எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது. இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று இருக்கும். நடுவில் புகுந்த திருடன் எழுதிய கடிதம் அது. கணக்கு எண் மாறினால், முன்பே தெரிந்த எண்ணில் நேரில் பேசி உறுதி செய்யாமல் ஒரு பைசாகூட அனுப்பக் கூடாது.

தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகலாமே என்று நினைக்கலாம். கடல் தாண்டி, பாஷை தெரியாத ஊரில், ஒரு லட்ச ரூபாய்க்கு யார் வழக்கு நடத்துவது? இவூவிலேயே நடந்ததைக் கேளுங்கள். 2011-ம் ஆண்டு கடைசியில், முதலாளி பணம் தராமல் ஓடிப்போனார் என்று அவரிடம் வேலை பார்த்த இரண்டு இந்தியர்களை உள்ளூர் வியாபாரிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நம் தூதரகம் தலையிட வேண்டியதாயிற்று. 2012 ஜனவரியில், இவூவில் வியாபாரம் செய்வது பற்றி இந்திய வியாபாரிகளைத் தூதரகமே எச்சரித்தது. கடன் சொல்லி வாங்குவதும் ஆபத்து, கடன் சொல்கிறவரிடம் வேலை பார்ப்பதும் ஆபத்து.

எதைத் தொடக் கூடாது?

மலிவாகக் கிடைப்பதை எல்லாம் கொண்டுவந்துவிட முடியாது. பிள்ளைகளின் பொம்மைக்கு 2021 ஜனவரி 1-ந் தேதி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 100-க்கு 20-ஆக இருந்த பொம்மைச் சுங்க வரியை 2020-ல் 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தினார்கள். கைப்பேசி சார்ஜர், எல்.இ.டி. விளக்கு போன்றவற்றுக்கும் தரப் பதிவு வேண்டும். முத்திரை இல்லாத சரக்கு துறைமுகத்தைத் தாண்டாது. அங்கே கிடக்கும் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும்.

இது வீண் கெடுபிடி என்று சிலர் குறை சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பொம்மையை வாயில் வைப்பது நம் வீட்டுக் குழந்தை அல்லவா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாத்தூர், கோவில்பட்டி, சிவகாசி, குடியாத்தம் பகுதிகளில் தீப்பெட்டித் தொழிலை நம்பி ஏராளமான குடும்பங்கள் இருக்கின்றன. உழைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 10 ரூபாய்ச் சீன லைட்டர் வந்தது. ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளின் விற்பனையைத் தின்றுவிடுகிறது என்று தொழில் செய்வோர் முறையிட்டார்கள். 2023 ஜூன் மாதம், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய சர்க்கார் தடை செய்தது.

தடை வந்தது சட்டத்தினால். ஆனால் சட்டம் வரும் வரை நாம் காத்திருக்க வேண்டுமா? பக்கத்து ஊரில் தீப்பெட்டி ஒட்டும் பெண்தான் சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு நம் கடைக்கு வருகிறாள். அவள் கூலி நின்றால் நம் கல்லாவும் நிற்கும். ஆகவே நம் ஊரில் நன்றாகச் செய்கிற பொருளைக் கடல் தாண்டிக் கொண்டுவராதீர்கள். நம் ஊரில் கிடைக்காத கருவியை, உதிரிப் பாகத்தை, சிறு இயந்திரத்தைக் கொண்டு வாருங்கள். கிளிப் விற்றால் ஒரு கடை பிழைக்கும். கிளிப் செய்யும் இயந்திரம் வந்தால் ஒரு தெரு பிழைக்கும்.

பொய்ச் சீட்டு வேண்டாம்

"விலையைக் குறைத்துச் சீட்டுப் போட்டுத் தருகிறேன். வரி மிச்சம்" என்று சில தரகர்கள் ஆசை காட்டுவார்கள். நம்பாதீர்கள். 1962-ம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி, பொய்க் கணக்கு காட்டிய சரக்கைப் பறிமுதல் செய்யலாம், அபராதமும் போடலாம். தரகர் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார். சீட்டில் இருப்பது உங்கள் பெயர். சரக்கு கடலில் போனாலும் இன்ஷூரன்சில் பொய் விலைதான் கிடைக்கும்.

பெட்டியின் மேலும் உங்கள் பெயர்தான் இருக்கும். இறக்குமதி செய்தவரின் பெயர், விலாசம், எந்த நாட்டுப் பொருள், அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட வேண்டும் என்பது சட்டம். பொருள் கெட்டால் வாடிக்கைக்காரர் இவூவுக்குப் போக மாட்டார். உங்கள் கடை வாசலுக்குத்தான் வருவார்.

அப்படியானால் வழி என்ன?

முதல் வழி, அவசரப்படாமல் இருப்பது. முதலில் சென்னை பாரிமுனையிலோ, சவுகார்பேட்டையிலோ ஏற்கெனவே இறக்குமதி செய்யும் மொத்த வியாபாரியிடம் 200 உருப்படி வாங்கி விற்றுப் பாருங்கள். விலை 5 ரூபாய் கூடுதலாக இருக்கலாம். அந்த 5 ரூபாய் நஷ்டம் அல்ல, படிப்புச் செலவு. விற்காத சரக்கு என்றால் 200-உடன் போகும். 5,000 வீட்டு முற்றத்தில் குவிந்து கிடக்காது.

விற்பனை நிச்சயம் என்று தெரிந்த பிறகு இறக்குமதிக்கு வாருங்கள். ஏற்றுமதி - இறக்குமதி எண் வாங்க அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். ஆயிரக்கணக்கில் கேட்கும் தரகர் தேவை இல்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் மாதத்துக்குள் அந்த எண்ணின் விவரங்களை உறுதி செய்யவும் மறக்கக் கூடாது. தெரிந்த நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே கண்டெய்னரில் கொண்டுவந்தால் கூலி குறையும். சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அப்போது தொழிற்சாலைகள் வாரக் கணக்கில் மூடிக் கிடக்கும். பொங்கல் முடிந்து ஆர்டர் கொடுத்துவிட்டுத் தமிழ்ப் புத்தாண்டுக்குச் சரக்கு வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. சுங்கப் படிவங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. படிக்கத் தெரியாத வியாபாரி தரகர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். மாவட்டத் தொழில் மையங்கள் இருக்கின்றன அல்லவா? அங்கே மாதம் ஒரு நாள், இறக்குமதி விதிகளைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஓர் அதிகாரி உட்காரட்டும். பல நகைகள் வீடு திரும்பும்.

கோழி இறகு வாங்கியவர்கள் உலகத்துக்கே கடை வைத்துவிட்டார்கள். நம் ஆட்கள் புத்தியில் குறைந்தவர்களா? இல்லவே இல்லை. ஆனால் அவர்கள் முதலில் கணக்கைக் கற்றார்கள், பிறகுதான் கடையை விரித்தார்கள். நாமும் அந்த வரிசையிலேயே போவோம். இன்று ராத்திரி ஒரு காகிதம் எடுங்கள். வீட்டாரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். 20 ரூபாய்ப் பொருள் உங்கள் கடைக்கு வந்து சேரும்போது எவ்வளவு ஆகிறது என்று கூட்டிப் பாருங்கள். அதன் பிறகும் லாபம் மிஞ்சுகிறதா? தைரியமாக வாங்குங்கள். மிஞ்சவில்லையா? சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்!